நேர் அச்சும் சுழல் அச்சும்: சிஎன்சி இயந்திரத்தில் ரோட்டரியை அமைக்கும் முறை

ஓசூரில் வாகன ஆலைகளை நம்பி வளர்ந்த ஜாப் ஒர்க் பட்டறைகளில் விஎம்சி (ஸ்பிண்டில் செங்குத்தாக நிற்கும் சிஎன்சி மில்லிங் இயந்திரம்) ஓடுகிறது. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் கல் செதுக்கும் ரூட்டர் ஓடுகிறது. தருமபுரியில் கதவுக்கும் கட்டிலுக்கும் பூவேலை செய்ய மர ரூட்டர் வைத்திருப்பவர்கள் உண்டு. இவர்களில் பலர் தட்டையான வேலையில் நன்கு தேறியபின், தூண், கைப்பிடிக் கிராதி, பல்சக்கரம் போன்ற உருண்டை வேலைகளையும் எடுக்க விரும்பி, ஜாபைப் பிடிக்கும் சக் பொருத்திய ரோட்டரி (ஜாபைச் சுழற்றும் பெட்டி) ஒன்றை வாங்கி மேசையில் பூட்டுகிறார்கள். பூட்டுகிற வேலை எளிது. அதன் பிறகு, இயந்திரத்தை இயக்கும் கன்ட்ரோலரில் எந்த எண்ணை எங்கே, எதற்காக இடுகிறோம் என்ற தெளிவு இல்லாமல், ஏற்கெனவே இருந்த நேர் அச்சின் எண்களையே கொஞ்சம் மாற்றி ஓட்டிப் பார்ப்பதால்தான் கல்லும் மரமும் வீணாகின்றன. சுழல் அச்சு மில்லிமீட்டரில் நகர்வதில்லை, டிகிரியில் திரும்புகிறது என்ற ஒன்றை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால், மற்ற அமைப்புகள் எல்லாம் அதிலிருந்தே வரிசையாக வந்துவிடும்.

அச்சுகளின் பெயரும் திசையும்

நேராக நகரும் அச்சுகள் மூன்று: எக்ஸ், ஒய், இசட். டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் போக்கில் இருப்பது இசட். டூல், வெட்டப்படும் பொருளான ஜாபை விட்டு விலகிச் செல்லும் பக்கமே அதன் கூட்டல் திசை. இந்த மூன்றையும் சுற்றித் திரும்பும் அச்சுகளுக்கு முறையே ஏ, பி, சி என்று பெயர். ஏ என்பது எக்ஸைச் சுற்றியும், பி என்பது ஒய்யைச் சுற்றியும், சி என்பது இசட்டைச் சுற்றியும் திரும்புவது. இந்தப் பெயர்முறை ஐஎஸ்ஓ 841 என்ற தரநிலையில் வகுக்கப்பட்டிருப்பதால், எந்த நாட்டு இயந்திரமானாலும் பெரும்பாலும் இதையே பின்பற்றுகிறது. எனவே மேசையில் எக்ஸ் போக்கில் படுத்திருக்கும் ரோட்டரி ஏ அச்சு; ஒய் போக்கில் வைத்துப் பூட்டினால் அதே பெட்டி பி அச்சு.

திசையில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். வலது கையின் கட்டைவிரலை எக்ஸின் கூட்டல் பக்கம் நீட்டினால், மடங்கிய மற்ற விரல்கள் காட்டுவது ஏ அச்சின் கூட்டல் திசை. ஆனால் இந்த விதி, ஜாப் நிலையாக இருக்க டூல் அதைச் சுற்றி வருவதாகக் கொண்டு சொல்லப்பட்டது. நம் ரூட்டரில் டூல் சுற்றி வருவதில்லை, கல்தான் சுழல்கிறது. ஆகையால் கூட்டல் கட்டளை கொடுக்கும்போது கல் அந்த விரல்களுக்கு எதிர்த்திசையில் திரும்ப வேண்டும். இது தலைகீழாக அமைந்துவிட்டால், நேர்வரிப் பள்ளங்கள் மட்டும் உள்ள தூணில் எந்த வேறுபாடும் தெரியாது. முறுக்கு வேலையோ எழுத்தோ வந்தால் அத்தனையும் இடவலம் மாறிவிடும். அதனால் புதிய ரோட்டரியில் முதல் வேலையாக, ஒரு துண்டு பிவிசி குழாயைச் சக்கில் பிடித்து, ‘க’ என்ற ஓர் எழுத்தைச் செதுக்கிப் பார்ப்பது நல்லது. எழுத்து நேராக வந்தால் திசை சரி. புரண்டு வந்தால் கன்ட்ரோலரில் அந்த அச்சின் திசையை மட்டும் மாற்ற வேண்டும்; புரோகிராமில் கை வைத்துச் சரிசெய்தால் அடுத்த புரோகிராமில் அதே சிக்கல் மீண்டும் வரும்.

பல்ஸ் கணக்கு

கன்ட்ரோலர் மோட்டாருக்கு அனுப்புவது பல்ஸ்களை, அதாவது மின் துடிப்புகளை. எத்தனை பல்ஸுக்கு எவ்வளவு நகர்வு என்பதை நாம்தான் சொல்லித் தர வேண்டும். வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் எடுக்கும். ஒரு ஸ்டெப் 1.8 டிகிரி. மோட்டாரை ஓட்டும் டிரைவில் மைக்ரோஸ்டெப் 8 (ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிப்பது) என்று வைத்தால் சுற்றுக்கு 1600 பல்ஸ் ஆகும். அச்சை நகர்த்தும் பால் ஸ்க்ரூவின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 5 மில்லிமீட்டர் என்றால், 1600ஐ 5ஆல் வகுக்க, ஒரு மில்லிமீட்டருக்கு 320 பல்ஸ். பிட்ச் 10 என்றால் 160. பெரிய கல் ரூட்டர்களில் நீள அச்சுக்கு ராக் அண்ட் பினியன் (பல் வெட்டிய நீளச் சட்டமும் அதில் உருளும் சிறு பல்சக்கரமும்) இருக்கும். 1.25 மாட்யூல் (பல்லின் அளவு) நேர்ப்பல் பினியனில் 20 பல் இருந்தால், அது ஒரு சுற்றில் கடக்கும் தூரம் 78.54 மில்லிமீட்டர், இடையில் 5:1 கியர் பாக்ஸ் இருந்தால் மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 15.708 மில்லிமீட்டர், ஆக மில்லிமீட்டருக்கு 101.86 பல்ஸ்.

சுழல் அச்சில் பிட்ச் என்று எதுவும் கிடையாது. அங்கே மொத்தத் தூரம் எப்போதும் 360 டிகிரி. மோட்டாருக்கும் சக்குக்கும் இடையிலான விகிதம் 6:1 என்றால், சக் ஒருமுறை சுற்ற மோட்டார் ஆறுமுறை சுற்ற வேண்டும். 1600ஐ 6ஆல் பெருக்கினால் 9600 பல்ஸ். அதை 360ஆல் வகுத்தால் டிகிரிக்கு 26.6666 என்று முடிவில்லாமல் நீளும் எண் வருகிறது. இந்த முடிவில்லாத பின்னத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒருவர் இதை 26.67 என்று சுருக்கி இடுகிறார் என்று கொள்வோம். அப்போது ஒரு சுற்றுக்கு 9600க்குப் பதில் 9601.2 பல்ஸ் போகும், மிகுதி 1.2 பல்ஸ், அதாவது 0.045 டிகிரி. சின்ன எண்தான். ஆனால் தூணின் முழு நீளத்துக்கும் சுருளாகச் சுற்றிச் சுற்றி வெட்டும் வேலையில், ஒரே திசையில் பத்துச் சுற்று முடிவதற்குள் அது 0.45 டிகிரியாகச் சேர்ந்துவிடும். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள தூணின் மேற்பரப்பில் அது ஏறத்தாழ 0.79 மில்லிமீட்டர் விலகல். அடுத்த டூல் வந்து அதே வடிவத்தை மெருகேற்றும்போது, முதல் டூலின் கோடும் இரண்டாம் டூலின் கோடும் ஒட்டாமல் நிற்கும். இடம் கொடுக்கும் அளவுக்குத் தசம எண்களை முழுமையாக எழுதுவது முதல் வழி. விகிதத்தைப் பின்னமாகவே இட வசதி தரும் கன்ட்ரோலர் என்றால் அதுவே சிறந்தது. அதுவும் இல்லையென்றால் மைக்ரோஸ்டெப்பை மாற்றி முழு எண் வரச் செய்யலாம்: டிரைவில் சுற்றுக்கு 3000 பல்ஸ் என்ற தெரிவு இருந்தால், 6:1 விகிதத்தில் டிகிரிக்கு மிகச் சரியாக 50 பல்ஸ் கிடைக்கும்.

விகிதம் என்ன என்பதை விற்பவரின் வாய்மொழியை நம்பி எழுத வேண்டாம். பெல்ட் என்றால் இரண்டு புல்லிகளின் பல்லையும் எண்ணலாம். வார்ம் கியர் பெட்டி என்றால், மோட்டார் பக்கத்துத் தண்டைக் கையால் சுற்றி, சக் ஒரு முழுச் சுற்று வர எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணலாம்.

சரிபார்ப்பதிலும் இரண்டு வகை அச்சுகளுக்கும் வேறுபாடு உண்டு. நேர் அச்சில் 100 மில்லிமீட்டர் நகரச் சொல்லி, வெளியிலிருந்து ஓர் அளவுகோலைக் கொண்டுவந்து அளக்க வேண்டும். அளவுகோலின் பிழையும் அதில் கலந்துவிடும். 0.02 மில்லிமீட்டர் வரை மட்டுமே காட்டும் வெர்னியரில் 99.98 என்று படித்துவிட்டு, பால் ஸ்க்ரூவின் கணக்குப்படி வந்த 320ஐத் திருத்துவது சரியான எண்ணைக் கெடுப்பதாகும். சுழல் அச்சுக்கு வெளி அளவுகோலே தேவையில்லை, ஏனெனில் வட்டம் தன் தொடக்கத்துக்கே திரும்பி வந்து தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது. சக்கில் ஒரு சதுரக் கட்டையைப் பிடித்து, அதன் சமதளத்தில் டயல் கேஜ் முள்ளை வைத்துப் பூஜ்யம் ஆக்கி, முள்ளை விலக்கிக்கொண்டு, ஒரே திசையில் 7200 டிகிரி, அதாவது இருபது சுற்று சுற்றவிட்டு, முள்ளை மீண்டும் அதே இடத்தில் வைத்தால், பூஜ்யத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். எதிர்த்திசையில் திரும்பி வந்து பார்க்கக் கூடாது. அப்படி வந்தால் விகிதப் பிழை கழிந்துபோய், கியரின் பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான தளர்வு) மட்டுமே முள்ளில் தெரியும். அதையும் தனியே ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது வேறு.

இன்னொன்றும் இந்த இடத்திலேயே சொல்லத் தக்கது. 5 மில்லிமீட்டர் பிட்ச் நேர் அச்சில் ஒரு பல்ஸ் என்பது 0.003 மில்லிமீட்டர். மேற்சொன்ன 6:1 ரோட்டரியில் ஒரு பல்ஸ் 0.0375 டிகிரி, அது 200 மில்லிமீட்டர் விட்டத்தின் பரப்பில் 0.065 மில்லிமீட்டர். இருபது மடங்கு முரடு. கைப்பிடிக் கிராதிக்கு இது போதும். ஓசூரில் கியருக்கும் ஷாஃப்டுக்கும் வேலை எடுப்பவர்களுக்குப் போதாது. 40:1, 90:1 போன்ற விகிதங்களில் வார்ம் கியர் வைத்த ரோட்டரி டேபிள்களை அவர்கள் நாடுவதற்குக் காரணம் இதுதான்.

நேரா, சுழலா என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது

பல்ஸ் எண்ணை இட்டவுடன் வேலை முடிந்துவிடாது. இந்த அச்சு சுழல் வகை என்று கன்ட்ரோலருக்குத் தனியாக அறிவிக்க வேண்டும். ஃபானுக் கன்ட்ரோலரில் அதற்குரிய பாராமீட்டர் 1006. அதன் முதல் இரண்டு பிட்டுகளைக் கொண்டு நேர் அச்சு, ஏ வகைச் சுழல், பி வகைச் சுழல் என்று தெரிவு செய்கிறோம் (இங்கே ஏ, பி என்பவை அச்சின் பெயர்கள் அல்ல). சீமென்ஸ் கன்ட்ரோலரில் இயந்திரத் தரவு 30300 அந்த வேலையைச் செய்கிறது. கணினியில் ஓடும் கன்ட்ரோலர் மென்பொருளான லினக்ஸ்சிஎன்சியில் லீனியர் அல்லது ஆங்குலர் என்று அமைப்புக் கோப்பிலேயே எழுதுகிறோம். அறிவிக்காவிட்டால் என்ன ஆகும்? இன்ச் அளவில் எழுதிய ஒரு புரோகிராமை ஓட்டும்போது நேர் அச்சின் எண்கள் அனைத்தையும் கன்ட்ரோலர் 25.4ஆல் பெருக்கிக்கொள்ளும். டிகிரிக்கு இன்ச்சும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. நேர் அச்சாகத் தவறாகப் பதிந்திருக்கும் ஏ அச்சுக்கு 90 டிகிரி என்று கொடுத்தால் அது 2286 என்று எடுத்துக்கொண்டு சுற்றத் தொடங்கிவிடும்.

அடுத்தது சுற்றெண்ணிக்கை. சுருள் வெட்டில் ஏ அச்சு முப்பது சுற்றுச் சுற்றி 10800 டிகிரியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பூஜ்யத்துக்குப் போ என்றால், வெறும் நேர் எண்ணாக மட்டும் கணக்கு வைத்திருக்கும் கன்ட்ரோலர் அந்த முப்பது சுற்றையும் திரும்பச் சுற்றும். உண்மையில் 10800 என்பதும் பூஜ்யமும் ஒரே இடம். 360க்கு ஒருமுறை எண்ணை மீண்டும் பூஜ்யமாக்கும் ரோல்ஓவர் வசதி இதற்காகவே இருக்கிறது. ஃபானுக்கில் 1008ஆம் பாராமீட்டர் இதை இயக்குகிறது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்பதை 1260 குறிக்கிறது. சீமென்ஸில் 30310 அதற்குரியது.

ஆயினும் எல்லாச் சுழல் அச்சுக்கும் ரோல்ஓவர் போட்டுவிடுவது ஆபத்து. சக் வைத்த ரோட்டரி எவ்வளவு சுற்றினாலும் தீங்கில்லை. தொட்டில் போல் ஆடும் ட்ரன்னியன் மேசை அப்படியல்ல. அது ஒரு பக்கம் சற்று அதிகமாகவும் மறுபக்கம் சற்றுக் குறைவாகவும் மட்டுமே சாயக்கூடியது, அதற்குள் ஹைட்ராலிக் குழாயும் கேபிளும் போகின்றன. அதற்கு ரோல்ஓவர் கொடுத்து, குறுக்கு வழியில் போ என்றும் சொல்லிவிட்டால், போகக் கூடாத பக்கமாகத் திரும்பிவிடும். அதற்கு நேர் அச்சைப் போலவே இரு முனைக்கும் சாஃப்ட் லிமிட் (கன்ட்ரோலரில் எண்ணாக இடும் நகர்வு எல்லை) வைக்க வேண்டும். மாறாக, முடிவில்லாமல் சுற்றும் சக்குக்குச் சாஃப்ட் லிமிட் இருந்தால் நடு வேலையில் அலாரம் வந்து நிற்கும். தொடக்க இடத்தைக் கண்டுபிடிக்கும் ஹோமிங்கும் அவ்வாறே: நேர் அச்சுக்கு முனையில் ஒரு சுவிட்ச் போதும், சக்குக்கு முனையே இல்லாததால், ஒரு சுற்றுக்கு ஒருமுறை சென்சார் முன் வந்து போகும்படி ஒரு துண்டு இரும்பை வைத்து, எப்போதும் ஒரே திசையிலிருந்து அணுகும்படி அமைக்க வேண்டும். வேலையை எந்தக் கோணத்தில் தொடங்கினாலும் ஒன்றுதான் என்றால் ஹோமிங் இல்லாமலும் ஓட்டலாம்.

ஃபீட் என்ற எண்ணின் பொருள்

என் கருத்தில், இந்தத் துறையில் புதியவர்களுக்குப் போதிய அளவு சொல்லித்தரப்படாத பகுதி இதுவே. ஃபீட் என்பது வெட்டிக்கொண்டு நகரும் வேகம்; புரோகிராமில் அதை எஃப் என்று எழுதுகிறோம். ஏ அச்சு மட்டும் நகரும்போது எஃப்600 என்பது நிமிடத்துக்கு 600 டிகிரி. 200 மில்லிமீட்டர் விட்டத் தூணில் அது பரப்பின்மேல் நிமிடத்துக்கு 1047 மில்லிமீட்டர் வேகம். அதே தூணின் இடுப்பு 50 மில்லிமீட்டராகச் சிறுத்திருக்கும் இடத்தில் 262 மட்டுமே. புரோகிராமில் எண் மாறவில்லை, டூல் உணரும் வேகம் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. கிரானைட்டில் வைர டூல் இப்படித் தள்ளாடும் வேகத்தில் ஓடினால், தடித்த இடத்தில் சுமை ஏறும். சிறுத்த இடத்தில் வெட்டாமல் உரசிக்கொண்டிருக்கும்.

எக்ஸும் ஏயும் சேர்ந்து நகரும்போது நிலைமை இன்னும் நுணுக்கமானது. எக்ஸ் 10 மில்லிமீட்டர் நகர்வதற்குள் ஏ 360 டிகிரி சுற்ற வேண்டும், ஃபீட் 600 என்று ஒரு வரி இருக்கிறது என்று கொள்வோம். டிகிரியையும் மில்லிமீட்டரைப் போலவே பாவித்து மொத்த நீளம் கணக்கிடும் கன்ட்ரோலரில் அது 360.14 என்றாகி, அந்த வரி 36 விநாடி எடுக்கும். லினக்ஸ்சிஎன்சி வேறு விதமாகக் கணக்கிடுகிறது: நேர் அச்சு ஏதாவது நகர்ந்தால் ஃபீட் அந்த நேர்த் தூரத்துக்கு மட்டுமே உரியது, சுழல் அச்சு அதற்கு ஈடுகொடுத்துக் கூடவே முடிக்க வேண்டும். 10 மில்லிமீட்டரை 600இல் கடக்க ஒரே ஒரு விநாடி. அந்த ஒரு விநாடிக்குள் தூண் முழுச் சுற்றுச் சுற்ற முயலும். அதைத் தடுத்து நிறுத்துவது அந்த அச்சுக்கு நாம் இட்டிருக்கும் உச்ச வேக வரம்பு மட்டுமே. ஒரே புரோகிராம், ஒரே வரி, இரண்டு கன்ட்ரோலரில் 36 மடங்கு வேறுபாடு. பக்கத்துப் பட்டறைக்காரர் கொடுத்த புரோகிராமை அப்படியே பென்டிரைவில் கொண்டுவந்து ஓட்டுவதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு முறையான தீர்வு புரோகிராமில் இடும் ஜி93 என்ற கட்டளை. அதில் ஃபீட் என்பது வேகமாக இல்லாமல், அந்த வரியை முடிக்க வேண்டிய நேரத்தின் தலைகீழாக எழுதப்படுகிறது: அரை நிமிடத்தில் முடிய வேண்டும் என்றால் எஃப்2. நேரத்தையே சொல்லிவிடுவதால் டிகிரியா மில்லிமீட்டரா என்ற குழப்பத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு வரிக்கும் தனி எஃப் தேவை என்பதால் கையால் எழுத இயலாது. வரைபடத்திலிருந்து டூல் பாதையை உருவாக்கும் கேம் மென்பொருளில், அதைக் கன்ட்ரோலருக்கு ஏற்ற புரோகிராமாக மாற்றும் போஸ்ட் புராசஸர்தான் எழுதித்தர வேண்டும். கன்ட்ரோலர் ஜி93ஐ ஏற்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, போஸ்டில் அதைத் தெரிவு செய்வதையே நான் பரிந்துரைப்பேன்.

கல்லின் எடையும் முடுக்கமும்

உச்ச வேகம், முடுக்கம் இரண்டையும் சுழல் அச்சுக்கு டிகிரிக் கணக்கில் இட வேண்டும். மரத்தில் ஓட்டிப் பழகிய எண்ணைக் கல்லில் இட முடியாது. 300 மில்லிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள கிரானைட் உருளை ஏறத்தாழ 190 கிலோ இருக்கும். அதைவிட முக்கியம், சுழற்சியைத் தொடங்கவும் நிறுத்தவும் தேவைப்படும் திருகுவிசை எடையை மட்டும் பொறுத்ததல்ல. அதே நீளத்தில் விட்டம் இரண்டு மடங்கானால் அந்தத் தடை பதினாறு மடங்காகிறது. 150 மில்லிமீட்டர் உருளையில் சிக்கலின்றி ஓடிய முடுக்கம் 300இல் மோட்டாரைத் தடுமாறச் செய்யும். ஸ்டெப்பர் மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிட்டால், பின்னூட்டம் இல்லாத டிரைவில் எந்த அலாரமும் வராது. திரையில் எண் சரியாகவே இருக்கும், கல்லில் வடிவம் மட்டும் விலகியிருக்கும். ஆகவே பெரிய விட்டத்துக்கு முடுக்கத்தைத் துணிந்து குறைக்க வேண்டும். மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக் பிடிமானமும் இன்றியமையாதது.

மையம்

எக்ஸ், ஒய், இசட்டுக்கு அடுத்து நான்காம் அச்சாகச் சேரும் ரோட்டரியில் பூஜ்யம் எங்கே என்ற கேள்விக்குத் தட்டை வேலையின் பழக்கம் விடை தராது. தட்டைக் கல்லில் இசட் பூஜ்யத்தை மேற்பரப்பில் வைப்போம். உருளையில் மேற்பரப்பை நம்ப முடியாது. குவாரியிலிருந்து வந்து கோர் எடுத்த (உருளையாகக் குடைந்தெடுத்த) கல் முழு வட்டமாக இருப்பதில்லை. எனவே இசட் பூஜ்யத்தைச் சுழற்சி மையத்திலேயே வைப்பதே முறை. ஒய் பூஜ்யமும் சரியாக அந்த மையத்துக்கு நேர்மேலே இருக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. சக்கில் ஒரு மரக்கட்டையைப் பிடித்து, மையத்திலிருந்து இசட் 20 என்ற உயரத்தில் ஒரு சமதளம் வெட்ட வேண்டும். பிறகு ஏ அச்சை 180 டிகிரி திருப்பி, அதே உயரத்தில் மறுபக்கமும் வெட்ட வேண்டும். இரண்டு தளங்களுக்கும் இடையே வெர்னியரில் 40.00 வந்தால் மையம் சரி. 40.20 வந்தால், நாம் பூஜ்யம் என்று நினைத்த இடம் உண்மையான மையத்தைவிட 0.10 மேலே இருக்கிறது. பூஜ்யத்தை அவ்வளவு இறக்க வேண்டும். ஒய்க்கு, விட்டம் தெரிந்த, கடைந்து எடுத்த ஒரு ஷாஃப்டைப் பிடித்து, இருபுறமும் தொட்டு, இரண்டு எண்களின் நடுவை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஷாஃப்டின் பக்கவாட்டிலும் மேலேயும் டயல் கேஜை வைத்து எக்ஸை முழு நீளத்துக்கு ஓட்டினால், ரோட்டரி எக்ஸுக்கு இணையாகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்பதும் தெரியும். இந்த இணைத்தன்மை இல்லாவிட்டால் மேற்சொன்ன எந்த எண்ணும் தூணின் இரண்டு முனைகளிலும் ஒருங்கே சரியாக இருக்காது.

ஒய் கேபிளை மாற்றிப் போடும் முறை

மூன்று அச்சு மட்டும் உள்ள, கையில் பிடித்து இயக்கும் கன்ட்ரோலர்களில், ஒய் மோட்டாரின் கேபிளைக் கழற்றி அதில் ரோட்டரியைச் செருகி ஓட்டுவது பரவலான வழக்கம். இதில் கன்ட்ரோலருக்குச் சுழற்சி என்பதே தெரியாது. ஒய்யில் மில்லிமீட்டராக நகர்வதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். ஆகவே பல்ஸ் எண்ணைச் சுற்றளவிலிருந்து கணக்கிட வேண்டும். 200 மில்லிமீட்டர் விட்டத்துக்குச் சுற்றளவு 628.32, 9600ஐ அதனால் வகுத்தால் மில்லிமீட்டருக்கு 15.28 பல்ஸ். இந்த எண் அந்த ஒரு விட்டத்துக்கு மட்டுமே உரியது. 180 விட்டத் தூண் வந்தால் புதிதாகக் கணக்கிட்டாக வேண்டும். சீரான விட்டமுள்ள தூணில் ஆழம் குறைந்த வேலைக்கு இது நன்றாகவே பயன்படுகிறது, ஃபீட்டும் பரப்பு வேகமாகவே கிடைக்கிறது என்பது இதன் ஒரு நன்மை. இடுப்பு சிறுத்தும் தலை பருத்தும் வரும் வடிவங்களுக்கு இது ஏற்றதல்ல.

வேலை முடிந்து ஒய் கேபிளைத் திரும்பச் செருகும்போது பழைய பல்ஸ் எண்ணையும், முடுக்கத்தையும், திசையையும், சாஃப்ட் லிமிட்டையும் சேர்த்தே மீட்க வேண்டும். நேர் வேலைக்கு ஒன்று, ஒவ்வொரு தூண் விட்டத்துக்கும் ஒன்று என்று அமைப்புக் கோப்புகளைத் தனித்தனியே சேமித்துப் பெயரிட்டு வைத்தால், ஷிஃப்ட் மாறி வரும் ஆபரேட்டரும் நினைவை நம்பாமல் உரிய கோப்பை ஏற்றிக்கொள்ளலாம். டிரைவின் மின்சாரத்தை அணைத்த பிறகே மோட்டார் கேபிளைக் கழற்ற வேண்டும். ஓடும் டிரைவிலிருந்து கேபிளை உருவினால் டிரைவே எரிந்துபோகக்கூடும்.